எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?

மேசையில் மரத்தில் கடைந்த ஆணுறுப்பு மாதிரி ஒன்று நிற்கும். பக்கத்திலேயே ஆணுறைப் பாக்கெட்டுகள் போட்ட டப்பா. எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில் ஆலோசகராக வேலை பார்த்த ஒன்பது ஆண்டுகளில் அந்த மாதிரியை வைத்து எத்தனை ஆயிரம் முறை செய்துகாட்டியிருப்பேனோ, கணக்கில்லை. நுனியைக் கிள்ளிக் காற்றை வெளியேற்ற வேண்டும், அடிவரைக்கும் உருட்டிவிட வேண்டும், கழற்றும்போது அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஒருமுறைக்கு ஒன்றுதான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

2009 என்று நினைவு. முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண் தனியாக வந்தார். கணவருக்கு வெளியூரில் வேலை, மாதத்துக்கு ஒருமுறை வந்துபோவார். அவர்மேல் சந்தேகம் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. "ஒரு தடவை பாத்துக்கிட்டா மனசுக்கு நிம்மதி" என்று மட்டும் சொன்னார். முடிவு நெகட்டிவ். வழக்கம்போல மாதிரியை எடுத்துவைத்து விளக்க ஆரம்பித்தேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தவர், குரலில் கோபமே இல்லாமல் சொன்னார்: "இதெல்லாம் அவர்கிட்ட சொல்லுங்க மேடம். எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?"

என்னிடம் பதில் இல்லை. "ஆறு மாசம் கழிச்சு மறுபடி வந்து டெஸ்ட் பண்ணிக்கோங்கம்மா" என்றேன். பதிவேட்டில் 'ஆலோசனை வழங்கப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி ஒருவர் பல ஆண்டுகளாக வேலை செய்துகொண்டிருந்தார் என்பது மறு ஆண்டுதான் எனக்குத் தெரிந்தது. 2010 ஜூலையில் வியன்னாவில் நடந்த உலக எய்ட்ஸ் மாநாட்டில் ஓர் ஆய்வு முடிவை வாசித்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது என்று செய்தி வந்தது. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்க, பெண் தானே பெண்ணுறுப்புக்குள் போட்டுக்கொள்ளும் ஒரு ஜெல். ஆணிடம் கேட்க வேண்டியதில்லை. ஆய்வை நடத்தியவர் தென்னாப்பிரிக்காவின் குவரைஷா அப்துல் கரீம். அன்றிலிருந்து அவருடைய ஆய்வுகளை விடாமல் பின்தொடர்கிறேன்.

குவரைஷா பிறந்தது 1960-இல், டர்பனுக்கு வடக்கே கரும்புக் காட்டுக்கு நடுவிலுள்ள டோங்காட்டில். மெட்ராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிப்போன முதல் கப்பல் 'ட்ரூரோ' டர்பனில் கரைசேர்ந்து சரியாக நூறு ஆண்டு ஆன வருடம் அது. இவருடைய முன்னோரும் இந்தியாவிலிருந்து போனவர்கள். நிறவெறி ஆட்சி நடந்த நாட்டில் படித்து, பிறகு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு முடித்து, 1980-களின் இறுதியில் கணவர் சலீம் அப்துல் கரீமோடு ஊர் திரும்பினார்.

அந்தச் சமயத்தில் தென்னாப்பிரிக்காவில் எச்.ஐ.வி. பெரிய விஷயமாகவே தெரியவில்லை. 1990-இல் கர்ப்பிணிகளிடம் எடுத்த கணக்கில் நூற்றில் ஒருவருக்குக்கூட இல்லை. குவரைஷா கிராமப்புறத்தில் ரத்த மாதிரிகள் எடுத்துப் பார்த்தார். மொத்த எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் அவர் மொத்தத்தோடு நிறுத்தாமல் வயதுவாரியாக, ஆண் பெண் வாரியாகப் பிரித்தார். பெண்களிடம் தொற்று ஆண்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. அதைவிட விசித்திரம், பதின்வயதுப் பெண்களிடம் தொற்று இருந்தது, அதே வயதுப் பையன்களிடம் அநேகமாக இல்லை.

நோய்ப்பரவலியல் என்பதைப் பலரும் தலை எண்ணும் வேலை என்று நினைக்கிறார்கள். அந்த அட்டவணையைப் பார்த்தபோது எனக்கு அப்படித் தோன்றவில்லை. பதினேழு வயதுப் பெண்ணுக்குத் தொற்று இருக்கிறது, அவளோடு படிக்கும் பையன்களுக்கு இல்லை என்றால், வைரஸ் அவளுக்கு எங்கிருந்து வந்தது? அவளைவிட வயதில் மூத்த ஆணிடமிருந்து. வயதில் மூத்தவன், சம்பாதிக்கிறவன், அவளுக்குக் காசு கொடுக்கிறவன். அவனிடம் போய் அவள் ஆணுறை போட்டுக்கொள் என்று சொல்ல முடியுமா? அட்டவணையின் இரண்டு வரிகளுக்கு நடுவில் ஒரு பெண்ணின் முழு வாழ்க்கையும் இருந்தது.

இந்த ஊகம் மரபணு ஆதாரத்தோடு நிரூபணமாக இன்னும் கால் நூற்றாண்டு ஆயிற்று. டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் 1,589 பேரிடமிருந்து எடுத்த வைரஸ்களின் மரபணு வரிசையை ஒப்பிட்டு, எது யாரிடமிருந்து யாருக்குப் போயிருக்கும் என்று மரபணு ஆய்வாளர் துலியோ டி ஒலிவெய்ராவும் அப்துல் கரீம் தம்பதியும் சகாக்களும் பார்த்தார்கள். 2017-இல் அது வெளியானது. 25 வயதுக்குட்பட்ட பெண்களுக்குத் தொற்றைக் கொடுத்த ஆண்கள் சராசரியாக 8.7 வயது மூத்தவர்கள். அந்த ஆண்களுக்கு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் அவர்கள் வயதையொத்த பெண்களிடமிருந்து. அந்தப் பெண்களில் பலர் பத்து வருடத்துக்கு முன்னால் இதேபோல மூத்த ஆணிடமிருந்து தொற்றைப் பெற்ற சிறுமிகளாக இருந்தவர்கள். செக்கு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கிறது. எங்கே வெட்டினால் நிற்கும் என்பதுதான் கேள்வி. வெட்ட வேண்டிய இடம் அந்தச் சிறுமி என்று 1990-களிலேயே குவரைஷா முடிவுசெய்துவிட்டார்.

அதற்குள் நாடு இந்தத் தொற்றில் எரிந்துகொண்டிருந்தது. மண்டேலா ஆட்சியின் தொடக்கத்தில் தேசிய எய்ட்ஸ் திட்டத்துக்குத் தலைமை தாங்கிவிட்டு குவரைஷா ஆய்வுக்கே திரும்பினார். 1999-இல் தென்னாப்பிரிக்கக் கர்ப்பிணிகளில் தொற்று 22.4 சதவீதம். ஒன்பது ஆண்டில் நூறில் ஒன்றுக்கும் கீழிருந்து ஐந்தில் ஒன்றுக்கு மேல். அடுத்து வந்த அதிபர் தாபோ எம்பெக்கி எச்.ஐ.வி.தான் எய்ட்ஸுக்குக் காரணமா என்றே சந்தேகம் கிளப்பினார். அந்தக் காலத்தைப் பற்றி எழுதினால் இந்தப் பதிவு வேறெங்கோ போய்விடும். அது தனிக் கொடுமை.

ஆணின் சம்மதம் தேவைப்படாத மருந்துக்கான முதல் முயற்சி படுதோல்வி. விந்தணுவைக் கொல்லப் பயன்படும் நான்ஆக்ஸினால்-9 சோதனைக் குழாயில் எச்.ஐ.வி.யையும் கொன்றது. பாலியல் தொழிலாளர்களிடம் அதை ஜெல்லாகக் கொடுத்துப் பார்த்தார்கள். டர்பன் பகுதியில் அந்த வேலையைச் செய்தவர் கீதா ராம்ஜி. 2000-ஆம் ஆண்டு டர்பன் எய்ட்ஸ் மாநாட்டில் முடிவு வெளியானது. அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்குத் தொற்று குறையவில்லை, கூடியிருந்தது. வைரஸைக் கொல்லும் அதே வேதிப்பொருள் உள்தோலையும் அரித்துப் புண்ணாக்கியிருந்தது. நல்லது செய்யப்போய்க் கேடு செய்துவிட்ட அந்தக் கனம் எத்தகையது என்று யோசித்துப் பார்க்கிறேன். கீதா ராம்ஜி அதற்குப் பிறகும் இந்தத் துறையை விடவில்லை. கடைசிவரை பெண்களுக்கான தடுப்பு முறைகளிலேயே வேலை செய்து, 2020 மார்ச்சில் கொரோனாவில் இறந்தார். இந்தப் புண் விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

2002-இல் அப்துல் கரீம் தம்பதி டர்பனில் காப்ரிசா என்ற ஆய்வு மையத்தைத் தொடங்கினார்கள். 2007-இல் ஆரம்பித்த ஜெல் ஆய்வில் 889 பெண்கள் சேர்ந்தார்கள், 18 முதல் 40 வயது. ஒரு பகுதி டர்பன் நகரத்தில். இன்னொரு பகுதி வுலிண்ட்லேலா என்ற மலைக்கிராமப் பகுதியில். காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்குப் பக்கம். சூலு மொழியில் வுலிண்ட்லேலா என்றால் 'வழியைத் திற' என்று அர்த்தமாம்.

ஜெல்லில் இருந்தது டெனோஃபோவிர். எங்கள் மையத்துக்கு அடுத்த அறையில் தொற்று உள்ளவர்களுக்குக் கூட்டு மருந்து கொடுக்கிறார்களே, அதில் இருக்கும் அதே டெனோஃபோவிர்தான், ஒரு சதவீத அளவில். ஒருமுறைக்கான அளவை அடைத்த சின்னப் பிளாஸ்டிக் குழல். உறவுக்கு முன் 12 மணி நேரத்துக்குள் ஒன்று, பின் 12 மணி நேரத்துக்குள் ஒன்று, ஒருநாளில் இரண்டுக்கு மேல் கூடாது. பாதிப் பேருக்கு மருந்துள்ள ஜெல், பாதிப் பேருக்கு மருந்தில்லாத ஜெல். யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. மாதாமாதம் வந்து பரிசோதனை செய்துகொண்டு, காலிக் குழல்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

முடிவில், மருந்து ஜெல் போட்டவர்களில் 38 பேருக்குத் தொற்று. மருந்தில்லாத ஜெல் போட்டவர்களில் 60 பேர். கணக்குப் போட்டால் 39 சதவீதம் குறைவு. ஒழுங்காகப் போட்டவர்களை மட்டும் எடுத்தால் 54 சதவீதம். பிறப்புறுப்பில் கொப்புளம் வரவைக்கும் ஹெர்பிஸ் தொற்றும் பாதியாகக் குறைந்திருந்தது. அதுவரைக்கும் ஒரு ஜெல்கூட எச்.ஐ.வி.யைத் தடுத்ததில்லை. வியன்னாவில் கைதட்டியது அதற்காக.

என் கண் நின்றது வேறோர் எண்ணில். மருந்தில்லாத ஜெல் போட்ட பெண்களில் ஆண்டுக்கு நூற்றில் 9 பேருக்குப் புதிதாகத் தொற்று வந்திருந்தது. அந்தப் பெண்களுக்கு மாதாமாதம் ஆலோசனை கிடைத்தது, ஆணுறை கிடைத்தது, பரிசோதனை கிடைத்தது. அதாவது என்னைப் போன்றவர்கள் கொடுக்க முடிந்த எல்லாமே கிடைத்தது, என்னைவிட நன்றாகவே கிடைத்தது. அப்படியும் நூற்றில் 9. அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். "எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?" என்று அந்தப் பெண் கேட்டதைத்தான் இந்த எண்ணும் சொன்னது.

அதன்பிறகு வந்த செய்திகள் வயிற்றைக் கலக்கின. சிலருக்கு ஜெல்லையும் சிலருக்கு மாத்திரையையும் தினமும் பயன்படுத்தச் சொன்ன 'வாய்ஸ்' ஆய்வில், ஜெல்லால் பயனில்லை என்று 2011-இல் பாதியிலேயே ஜெல் பகுதியை நிறுத்தினார்கள். 2015-இல் 'ஃபாக்ட்ஸ்' ஆய்வு முடிந்தது, அதில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள். மருந்து ஜெல் கொடுக்கப்பட்டவர்களுக்கும் மருந்தில்லாத ஜெல் கொடுக்கப்பட்டவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. அத்தோடு டெனோஃபோவிர் ஜெல் கடைக்கு வரும் என்ற நம்பிக்கை போயிற்று.

வாய்ஸ் ஆய்வில் திரும்பி வந்த குழல்களையும் மாத்திரைகளையும் எண்ணியபோது பெரும்பாலோர் ஒழுங்காகப் பயன்படுத்தியதாகத்தான் தெரிந்தது. ரத்தத்தைச் சோதித்தபோது மூன்றில் ஒரு பங்குப் பேரிடம்கூட மருந்து இல்லை. இதை வைத்து அந்தப் பெண்கள் பொய் சொன்னார்கள் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்போது கோபம் வந்தது, இப்போதும் வருகிறது. என் எதிரில் உட்கார்ந்து "போடுறோம் மேடம், போடுறோம்" என்று தலையாட்டிய எத்தனை பேரை எனக்குத் தெரியும். அவர்கள் என்னை ஏமாற்றவில்லை. என் முகம் வாடிவிடக்கூடாதே என்று சொன்னார்கள். ஃபாக்ட்ஸ் ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோர் சின்ன வயது, அம்மா அப்பாவோடு ஒரே வீட்டில் இருந்தவர்கள். ஒரு டப்பா குழலை அந்த வீட்டில் எங்கே ஒளித்துவைப்பது? நினைத்தபோது தனியாக ஓர் அறை எங்கே கிடைக்கும்? ஆணிடம் கேட்க வேண்டாம் என்ற இடம்வரைக்கும் விஞ்ஞானம் வந்துவிட்டது. வீட்டில் யாருக்கும் தெரியக்கூடாது என்ற இடத்துக்கு இன்னும் வரவில்லை.

இந்த இடத்தில்தான் குவரைஷாவின் குழுமேல் எனக்கு மரியாதை இரண்டு மடங்கானது. ஜெல் கடைக்கு வராது என்று ஆனபிறகும், அந்த 889 பெண்களிடமிருந்து எடுத்துவைத்த மாதிரிகள் உறைபெட்டியில் இருந்தன. ஒழுங்காகப் போட்டும் சிலருக்குத் தொற்று வந்ததே, அது ஏன் என்று அதைத் தோண்ட ஆரம்பித்தார்கள்.

இங்கே கொஞ்சம் நோய் எதிர்ப்பியல் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. கண்ட அணுவையெல்லாம் பிடித்துக்கொள்ளாது. அதற்குத் தேவை சிடி4 அணு, அதாவது உடம்பின் காவல் படையில் மற்றவர்களை ஏவிவிடும் அணு. ஆரோக்கியமான உள்தோலில் அவை அதிகம் இருக்காது. உள்ளே வந்த வைரஸ் பிடிக்க ஆள் கிடைக்காமல் பெரும்பாலும் செத்துப்போகும். அங்கே அழற்சி இருந்தால் கதை மாறிவிடும். அழற்சி என்பது உடம்பு கூப்பாடு போடுவது. சைட்டோகைன் என்ற புரதங்கள்தான் அந்தக் கூப்பாடு. அதைக் கேட்டு சிடி4 அணுக்கள் ஓடிவருகின்றன. உதவிக்கு ஓடிவருகிறவர்களைத்தான் இந்த வைரஸ் குறிவைத்துக் காத்திருக்கிறது. கூட்டம் கூடக்கூட அதற்குக் கொண்டாட்டம்.

கேப் டவுன் ஆய்வாளர்கள் லிண்டி மாசன், ஜோ-ஆன் பாஸ்மோர் ஆகியோர் காப்ரிசாவோடு சேர்ந்து, தொற்று வந்த பெண்களின் பழைய மாதிரிகளை, தொற்று வருவதற்கு முன்பே எடுத்தவற்றை, தொற்று வராதவர்களுடையதோடு ஒப்பிட்டார்கள். சைட்டோகைன்கள் கூடியிருந்தவர்களுக்குத் தொற்று வரும் வாய்ப்பு மூன்று மடங்குக்கு மேல். அழற்சி இருந்த பெண்களிடம், ஒழுங்காகப் போட்டும் ஜெல் சரியாகக் காக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. நான்ஆக்ஸினால்-9 ஏன் கேடு செய்தது என்பதற்கும் இதுதான் விளக்கம். அது அரித்த இடத்தில் அழற்சி, அழற்சி இருந்த இடத்தில் சிடி4 கூட்டம்.

இதில் என்னை உலுக்கியது, அந்த அழற்சி பெரும்பாலும் வெளியே தெரியாது. அரிப்பு இல்லை, வெள்ளைப்படுதல் இல்லை, வலி இல்லை. எங்கள் மையத்தில் "ஏதாவது தொந்தரவு இருக்காம்மா?" என்று கேட்போம். இல்லை என்றால் அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். எத்தனை 'இல்லை'களுக்குள் இது இருந்ததோ.

அடுத்தது கிருமிகள். 2017-இல் வெளியான ஆய்வு, அதே ஜெல் ஆய்விலிருந்த 688 பெண்களுடைய மாதிரிகள். பெண்ணுறுப்பில் லாக்டோபேசிலஸ் என்ற நல்ல பாக்டீரியா மிகுந்திருந்தவர்களுக்கு ஜெல் 61 சதவீதம் பாதுகாப்புக் கொடுத்தது. கார்ட்னெரெல்லா போன்ற மற்ற பாக்டீரியாக்கள் மிகுந்திருந்தவர்களுக்கு வெறும் 18. அந்த பாக்டீரியாக்கள் டெனோஃபோவிரை உறிஞ்சிச் சிதைத்துவிடுகின்றன. மருந்து வேலைசெய்ய வேண்டிய அணுக்களுக்குள் போவதற்கு முன்பே காலி. அதே மருந்தை மாத்திரையாக விழுங்கினால் இந்தச் சிக்கல் இல்லை, அது ரத்தம் வழியாகப் போகிறது. ஒரே குழல், ஒரே மருந்து, இரண்டு பெண்கள், ஒருத்திக்குக் காவல், இன்னொருத்திக்கு இல்லை. அந்த இன்னொருத்தி ஒருவேளை ஒருமுறைகூடத் தவறாமல் போட்டவளாகக்கூட இருந்திருப்பாள். இது தெரிவதற்கு முன்னால் அவளை 'ஒழுங்காகப் போடாதவள்' என்றுதானே நினைத்திருப்போம்?

அதே காப்ரிசாவின் இன்னோர் ஆய்வில் 256-ஆம் எண் கொண்ட ஒரு பெண் இருந்தார். உலகத்துக்கு அவர் வெறும் எண்தான், அப்படியே இருக்கட்டும். அவர் உடம்பு உருவாக்கிய எதிர்ப்புரதம் எச்.ஐ.வி.யின் பலவகை வடிவங்களை முடக்கியது. அதை ஆய்வகத்தில் வளர்த்து, தடுப்பு ஊசியாக மனிதர்களிடம் சோதிக்கும் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். குவரைஷாவுக்கும் சலீமுக்கும் 2024-இல் மருத்துவத் துறையின் பெரிய விருதுகளில் ஒன்றான லாஸ்கர் விருது கிடைத்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது பெயரில்லாத இந்தப் பெண்தான்.

அந்த 2024-இலேயே இன்னொரு முடிவும் வந்தது. லெனகாபவிர் என்ற ஊசி, வருடத்துக்கு இரண்டே முறை, வயிற்றுத் தோலுக்கடியில். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 16 முதல் 25 வயதுவரை உள்ள பெண்களிடம் லிண்டா-கெய்ல் பெக்கரின் தலைமையில் சோதித்தார்கள். ஊசி போட்டுக்கொண்ட 2,134 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்று இல்லை. பூஜ்யம். இதைக் கண்டுபிடித்தது காப்ரிசா அல்ல. ஆனால் அந்த வயதுப் பெண்களைத் தேடிப்போய்ச் சோதிக்க வேண்டும் என்பது குவரைஷாவின் பழைய அட்டவணை கற்றுக்கொடுத்தது. டப்பா இல்லை, குழல் இல்லை, ஒளித்துவைக்க எதுவுமே இல்லை. போய் ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டால் யாருக்கும் தெரியாது.

சந்தோஷம் நிலைக்கவில்லை. 2025 தொடக்கத்தில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவிகளை ஒரே உத்தரவில் நிறுத்தியது. வுலிண்ட்லேலாவில் பெண்ணுறுப்புக்குள் வைத்துக்கொள்ளும் புதிய தடுப்பு வளையம் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள், அமெரிக்கப் பணத்தில். உத்தரவு வந்தபோது அந்த வளையங்கள் பெண்களின் உடம்புக்குள் இருந்தன. அவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எடுத்துவிட வேண்டியதாயிற்று. நம்பித் தன் உடம்பைக் கொடுத்த பெண்ணிடம் போய், 'பணம் நின்றுவிட்டது, வந்து கழற்றிக்கொள்' என்று சொல்ல வேண்டிய ஊழியர்களின் நிலை எனக்குப் புரியும். இதை நியாயப்படுத்த என்ன காரணம் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன்.

லெனகாபவிருக்கு 2025-இல் அமெரிக்காவில் ஆண்டுக்கு 28,000 டாலருக்கு மேல் விலை வைத்தார்கள். 2027-இலிருந்து 120 ஏழை, நடுத்தர நாடுகளுக்கு ஆண்டுக்கு 40 டாலரில் தருவதாக ஹைதராபாத்தைச் சேர்ந்த இரண்டு மருந்து நிறுவனங்கள் 2025 செப்டம்பரில் ஒப்பந்தம் செய்திருக்கின்றன. அந்தச் செய்தியை இரண்டு முறை படித்தேன்.

அந்தப் பெண், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று நான் சொன்னவர், மறுபடியும் வந்தார். அதற்கப்புறமும் வந்தார். நான் அங்கே இருந்தவரைக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வந்துகொண்டிருந்தார். அந்த மாதிரியை அவர் முன்னால் நான் மறுபடி எடுக்கவே இல்லை. உட்காருவார், புடவையை இழுத்துக்கொண்டு இடது கையை நீட்டுவார், ரத்தம் எடுக்கும்போது சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். நெகட்டிவ் என்று சொன்னதும் ஒரு பெருமூச்சு. "அடுத்து எப்ப மேடம் வரணும்?" "ஆறு மாசம் கழிச்சும்மா." வருடத்துக்கு இரண்டு முறை. ஊசி போட்டுக்கொள்ள எத்தனை முறை வர வேண்டுமோ, அத்தனை முறை சரியாக வந்திருக்கிறார். அப்போது கொடுக்க அந்த ஊசி என்னிடம் இல்லை.